கற்பனை எண் காட்டிய திசை

“இல்லாத எண்ணுக்கு வர்க்கமூலம் எதற்கு?” பன்னிரண்டாம் வகுப்பில் கலப்பெண்கள் பாடம் தொடங்கியதும் எனக்குள் எழுந்த கேள்வி இது. கேள்வி புதிதன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த மகாவீரர், தம் ‘கணித சார சங்கிரகம்’ என்னும் நூலில், குறை எண் இயல்பிலேயே வர்க்கமாகாது, ஆகவே அதற்கு வர்க்கமூலம் இல்லை என்று முடிவு கட்டினார். எந்த எண்ணையும் அதே எண்ணால் பெருக்கினால் மிகை எண்தானே வருகிறது!

ஆனால் 1572-இல் இத்தாலிய அறிஞர் பொம்பெல்லி, அந்த ‘இல்லாத’ மூலங்களைக் கொண்டே ஒரு முப்படிச் சமன்பாட்டுக்கு 4 என்ற மெய்யான விடை கிடைப்பதை விளக்கினார். 1797-இல் நார்வேயில் பிறந்த நில அளவையாளர் வெஸ்ஸல், அவற்றைத் தளத்தில் திசைகளாகவே காட்டிவிட்டார்.

அன்புத் தோழியரே! அவர் வழியை நம் செட்டியார்பட்டியிலேயே சோதித்துப் பார்க்கலாம். கிழக்கு நோக்கி நில்லுங்கள். முன்னே ஓர் அடி என்பது 1. முதுகுக்குப் பின்னே மேற்குத் தொடர்ச்சி மலை. அப்பக்கம் ஓர் அடி −1. ஆக, −1 ஆல் பெருக்குவது 180 பாகை திரும்புவதாகும். அதன் மூலம், இருமுறை செய்தால் அரைச்சுற்று ஆக வேண்டும். இடப்பக்கம் 90 பாகை திரும்புங்கள், வடக்கு வந்துவிட்டது! இதையே ‘ஐ’ என்கிறோம்.

சரி, ‘ஐ’யின் வர்க்கமூலம் எது? 90-இல் பாதி 45. அது வடகிழக்கு, அதாவது ஸ்ரீவில்லிபுத்தூர் இருக்கும் திசை! எதிரே தென்மேற்கு மற்றொரு மூலம். அதன் கோணம் 225, இருமடங்கு 450, முழுச்சுற்று 360 போக மீதி அதே 90.

இனி 3 + 4ஐ. கிழக்கே 3 அடி, வடக்கே 4 அடி. பிதாகரஸ் தேற்றப்படி நேர் தூரம் 5. தூரத்துக்கு வர்க்கமூலம் எடுத்து, கோணத்தைப் பாதியாக்கினால் விடை 2 + ஐ. அதன் வர்க்கம் 4 + 4ஐ − 1, அதாவது 3 + 4ஐ. −2 − ஐ என்பதும் விடையே.

மகாவீரர் சொன்னது கிழக்கு மேற்கான ஒரே கோட்டுக்கு இன்றும் பொருந்தும். அந்தக் கோட்டை விட்டு விலகித் தேடியவர்களுக்கே மூலம் கிடைத்தது. ‘நமக்குக் கணக்கு வராது’ என்று பதினோராம் வகுப்பில் கணிதப் பிரிவை எடுக்கத் தயங்கும் தங்கையரே, விடை இல்லை என்று புத்தகத்தை மூடுமுன், கொஞ்சம் திரும்பி நின்று பாருங்கள்!