ஒட்டுப்பால்

ரப்பர் மரத்தின் பட்டையில் கத்தி பட்டால் பால் வடிகிறது. சில மணி நேரத்தில் வெட்டின் மேலேயே எஞ்சிய பால் உறைந்து, கீறலை மூடும் நாடாவாகப் படிகிறது. குலசேகரம் பக்கம் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் அடுத்த முறை கத்தி வைக்குமுன் உரித்தெடுப்பது இந்த ஒட்டுப்பாலைத்தான். ட்யூப் இல்லாத மிதிவண்டி டயருக்குள் ஊற்றப்படும் சீலண்டு பெரும்பாலும் இதே ரப்பர் பால்தான் என்பது மாட்டுங்காவில் வேதியியல் ஆய்வு செய்யும் அந்தக் குமரி மாவட்டத்து மாணவருக்கு வியப்பளிக்கவில்லை. அது கடல் கடந்து போய்ச் சிறு புட்டியில் அடைபட்டுத் திரும்பும் விலைதான் வியப்பளித்தது.

அவரிடம் இருந்தது பழைய மலை மிதிவண்டி ஒன்று. மாலைதோறும் தாராவி வழியாகச் செம்பூருக்குப் போய்ப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, அந்த வருமானத்தில் அறை வாடகை கட்டுகிறார். பழைய இரும்பும் நெகிழியும் தரம் பிரிக்கப்படும் பகுதியை ஒட்டிய சாலையில் கம்பித் துண்டும் ஆணியும் சக்கரத்துக்குக் காத்திருக்கும். மழைக்காலத்தில் இன்னொரு தொல்லை உண்டு. நீர் மறைத்த குழியில் டயர் இறங்கும்போது ட்யூப் ரிம்முக்கும் தரைக்கும் இடையே நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் இரட்டைத் துளை விழும். ஒரு பஞ்சர் என்றால் ஒரு வகுப்பு போயிற்று. இரண்டாம் முறை பெற்றோர் வேறு ஆசிரியரைத் தேடுவார்கள்.

மலை மிதிவண்டிகளுக்கு ட்யூப் இல்லா முறையை 1999இல் பிரான்சின் மாவிக் நிறுவனம் வணிக அளவில் கொண்டுவந்தது. சாதாரண ரிம்மையே நாடா ஒட்டி மாற்றும் வழியை அமெரிக்கரான ஸ்டான் கோசியாடெக் அடுத்த சில ஆண்டுகளில் பரப்பினார். இந்த இரண்டாம் வழிதான் பலரை ஏமாற்றுகிறது. டயரின் விளிம்பு உட்கார்ந்து பூட்டிக்கொள்ள ரிம்மில் தகுந்த படி இருக்க வேண்டும். அது இல்லாத மலிவு ரிம்மில் எத்தனை நாடா சுற்றினாலும், திருப்பத்தில் டயர் ஓரம் விலகிக் காற்று ஒரே மூச்சில் வெளியேறலாம். பேருந்துகளுக்கு நடுவே அது பஞ்சரைவிடப் பெரிய ஆபத்து. அவர் பின்சக்கரத்துக்கு மட்டும் தகுதியான ரிம் வாங்கினார். அதிக எடையைச் சுமப்பது பின்சக்கரம்தான், பணமும் அவ்வளவே இருந்தது.

சீலண்டுத் தேர்வில்தான் அவருடைய படிப்பு உதவியது. கறந்த ரப்பர் பால் உறையாதிருக்க அமோனியா சேர்ப்பார்கள். (அமோனியா செம்பூருக்குப் புதிதல்ல, அங்குள்ள அரசு உரத் தொழிற்சாலை தயாரிப்பதே அதைத்தான்.) துளை வழியே காற்று பீறிடும்போது பால் உரசுண்டு, அமோனியாவையும் ஈரத்தையும் இழந்து அங்கேயே திரள்கிறது, உடன் கலந்த நார்களும் துகள்களும் அடைப்புக்குத் தாங்கலாகின்றன. ஊரிலிருந்து பால் வரவழைத்துத் தாமே கலந்துகொள்ளும் ஆசை அவருக்கும் இருந்தது. ஆனால் அமோனியா மிகுந்தால் அலுமினிய ரிம்மை அரிக்கும். குறைந்தால் பால் டயருக்குள்ளேயே கட்டியாகும். கிளைக்கால் கலந்த பாலில்லாச் சீலண்டுகள் எளிதில் உலர்வதில்லை, ஆனால் துளை சற்றுப் பெரிதானால் திணறுகின்றன. முடிவில் அமோனியா குறைந்த ரப்பர் பால் வகையை வாங்கினார். 29 அங்குல டயருக்கு 100 மில்லி லிட்டர் போதும். மும்பை வெக்கையில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து நிரப்ப வேண்டும். இதை விற்பவர்கள் அழுத்திச் சொல்வதில்லை.

டயர் விளிம்பை ரிம்மில் ஏற்றக் கைப்பம்பு போதவில்லை, கம்ப்ரசர் வேண்டியிருந்தது. அது தொண்ணூறு அடிச் சாலையருகே, திருநெல்வேலிக்காரர் ஒருவரின் பஞ்சர் கடையில் இருந்தது. அவர் சோப்புத் தண்ணீர் பூசிக் காற்றைத் திறந்தார். டப், டப் என இரண்டு வெடிப்போசையில் விளிம்புகள் ஏறிக்கொண்டன. பிறகு நீர்த்தொட்டியைப் பார்த்தபடி கேட்டார்:

"தம்பி, தண்ணில முக்கி ஓட்டை எங்கன்னு பாக்கதுதான் நம்ம தொழிலு. இதுல ஓட்டை தானா மூடிக்கிடும்னா, பொறவு நா எதப் பாக்க?"

"முன்சக்கரம் ட்யூப்தான் அண்ணாச்சி," என்றார் மாணவர்.

அது ஆறுதலாக மட்டும் சொன்னதல்ல. டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் எந்தப் பாலும் அடைக்காது. உள்ளே ஒட்டுப் போட்டுத் தைக்கத் தெரிந்த கை வேண்டும். அதற்காக ஒரு மாற்று ட்யூபும் எப்போதும் பையில் இருக்க வேண்டும்.

மூன்றாம் மாதம் கடையில் டயரைத் திறந்தபோது உள்ளே பால் பாதிக்கு மேல் உலர்ந்திருந்தது. மூன்று இடங்களில் அரிசி அளவு வெள்ளைக் கட்டிகள். ஒன்றின் நடுவே கம்பி முனை. அண்ணாச்சி அதைக் குறடால் பிடுங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். மாணவர் கட்டியை நகத்தால் உரித்து, ஊரில் இதற்கு என்ன பெயர் என்று சொன்னார். மிச்சச் சீலண்டை ஊற்றி, காற்றடித்த கூலியை வாங்கிக்கொண்டு, அண்ணாச்சி முன்சக்கரத்தை அமுக்கிப் பார்த்தார். அதில் காற்று குறைந்திருந்தது.