ஊறல்

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 26. அதே ஆண்டு ஜூனில் நான் பி.எஸ்சி. பயோடெக்னாலஜி சேர்ந்திருந்தேன். சேரும்போது விண்ணப்பத்தில் விழுப்புரம் மாவட்டம் என்று எழுதினேன், முடிக்கும்போது கள்ளக்குறிச்சி மாவட்டம். ஊர் அப்படியேதான் இருந்தது. கச்சிராயபாளையத்துக்குப் பக்கம், கல்வராயன் மலையடிவாரம். ஒன்றரை ஏக்கர் மரவள்ளி, கொஞ்சம் கரும்பு.

பயோடெக் என்றால் என்னவென்று ஊரில் யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடிந்ததில்லை. "மாட்டு டாக்டருக்கா?" என்பார் ஆயா. "லேப்ல ரத்தம் எடுக்கறதா?" என்பார் பெரியம்மா. அப்பா மட்டும் எல்லாரிடமும் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தார்: "உயிரியல்ல இன்ஜினியரிங் மாதிரி." அதை அவருக்குச் சொன்னது கல்லூரி அட்மிஷனுக்கு ஆள் பிடிக்க வந்தவர்.

எங்கள் வகுப்பில் 38 பேர். பாதிப் பேர் நீட் எழுதி, சீட் கிடைக்காமல் வந்தவர்கள். பத்தாவதில் நல்ல மார்க் எடுத்து, பிளஸ் ஒன்னில் சயின்ஸ் குரூப் எடுத்து, 'டாக்டர்' என்று வீட்டில் கூப்பிடப்பட்டு, பிறகு அந்தச் சொல் மெல்லக் காணாமல் போன வீடுகள். அவர்களுக்கு பயோடெக் என்பது டாக்டருக்கு அடுத்த பஸ். நான் நீட் எழுதவில்லை. முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்குவதே எங்கள் வீட்டில் பெரிய காரியமாக இருந்தது.

இரண்டாவது செமஸ்டரில் கொரோனா வந்தது. ஒன்றரை வருடம் போனில் படித்தோம். பிசிஆர் என்பதை நான் படித்ததும் அந்த நாட்களில்தான். டிஎன்ஏவைச் சூடாக்கிப் பிரிப்பது, ஆறவைத்துச் சிறு துண்டை ஒட்டவிடுவது, மறுபடி சூடாக்கி நகலை வளர்ப்பது. ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாகும். முப்பது சுற்றில் ஒன்று நூறு கோடியைத் தாண்டும். இதை நான் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது, எங்கள் ஆயாவுக்கு ஆர்டி-பிசிஆர் எடுத்துவிட்டு வந்திருந்தார்கள். "பிசிஆரு நெகட்டிவு" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அந்த இயந்திரத்தைத் தொட்டதே இல்லை. கல்லூரி திறந்த பிறகும் தொடவில்லை. ஆய்வகத்தில் ஒன்று இருந்தது. இன்ஸ்பெக்ஷனுக்கு வாங்கியது, பிளாஸ்டிக் உறை போட்டிருக்கும். பெயர் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை, இப்படிப் பல கல்லூரிகள்.

தொட்டுப் படித்த பாடம் ஒன்று உண்டு. மூன்றாம் ஆண்டில் நொதித்தல். ஈஸ்ட், சர்க்கரை, காற்றுப் புகாத கலன், வெப்பநிலை, அமிலத்தன்மை, கடைசியில் வாலை வடித்தல். மேடம் போர்டில் படம் வரைந்து முடித்ததும் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "மேடம், இது எங்க மலையில தெனமும் நடக்குது" என்றான். வகுப்பே சிரித்தது. மேடமும் சிரித்தார்கள்.

சிரிக்காதவள் ஒருத்தி. வெள்ளிமலைப் பக்கத்து ஊர். எங்கள் வகுப்பில் மலையிலிருந்து வந்தவள் அவள் மட்டும்தான். ஆன்லைன் வகுப்புக்காக சிக்னல் தேடிப் பாறைமேல் ஏறி உட்கார்ந்து படித்தவள். கல்வராயன் மலை என்று கூகுளில் தேடினால் என்ன வரும் என்பது அவளுக்குத் தெரியும். அருவிப் படங்களுக்கு நடுவே, "ஆயிரம் லிட்டர் ஊறல் அழிப்பு" என்ற செய்தி. பிளாஸ்டிக் பேரல்களைக் கவிழ்க்கும் போலீஸார், ஓடையில் ஓடும் பழுப்புத் தண்ணீர். எந்த வருடம் பார்த்தாலும் அதே படம்.

"எங்க தாத்தா சாமை வெதச்சாரு, கடுக்கா பொறுக்குனாரு, தேன் எடுத்தாரு. அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க" என்றாள் அன்றைக்குச் சாயங்காலம். அந்த மலை 1976 வரை ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. நாடு சுதந்திரம் அடைந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் அங்கே அரசாங்கம் ஏறிப்போகவில்லை. மலையாளிப் பழங்குடி மக்களுக்கு ரோடும் பள்ளிக்கூடமும் வரத் தாமதமானது. ஊறல் போடச் சொல்லிக் காசு கொடுக்கிறவர்கள் மட்டும் சீக்கிரமே வந்துவிட்டார்கள் என்றாள். வெல்லமும் பட்டையும் கீழேயிருந்து போகும், சரக்கு கீழே வரும், கேஸ் மட்டும் மேலேயே தங்கிவிடும்.

அதே நொதித்தலை வைத்து இந்தியாவில் என்ன நடந்திருக்கிறது என்பதையும் அந்த வருடம்தான் படித்தேன். கிரண் மஜும்தார் ஷா ஆஸ்திரேலியா போய்ப் படித்தது பீர் வடிக்கும் படிப்பு. அவருடைய அப்பா மதுபான ஆலையில் தலைமை வடிப்பாளர். 1975இல் படிப்பை முடித்துவிட்டு வந்தவருக்கு, பெண் என்பதால் இங்கே எந்த ஆலையிலும் அந்த வேலை கிடைக்கவில்லை. 1978இல் பெங்களூரில் ஒரு வாடகை கராஜில் பயோகான் தொடங்கியது. முதலில் செய்த பொருள்களில் ஒன்று பப்பாளிப் பாலிலிருந்து எடுக்கும் பப்பெய்ன் என்சைம். பப்பாளிப் பால் எங்கள் ஊரிலும் உண்டு, நொதித்தலும் உண்டு. அப்பாவின் தொழில்மூலம் கிடைக்கும் அறிமுகமும், தோற்றால் திரும்பிப் போக ஒரு வீடும் எல்லாருக்கும் உண்டா என்பது வேறு விஷயம்.

எங்கள் வகுப்பு எங்கே போனது என்று சொல்கிறேன். 38 பேரில் 11 பேர் மெடிக்கல் கோடிங். நான்கு பேர் மறுபடி டிஎம்எல்டி படித்தார்கள், ஆஸ்பத்திரி லேபில் அதைத்தான் கேட்கிறார்கள் என்பதால். மூன்று பேர் மருந்துக் கம்பெனிகளில் தரக்கட்டுப்பாடு. சிலர் குரூப் ஃபோர். ஏழெட்டுப் பெண்களுக்குக் கல்யாணம். எம்.எஸ்சி. போனவர்கள் இரண்டு பேர், அதில் ஒருத்தி வெள்ளிமலைக்காரி.

நான் அந்தப் பதினொன்றில் ஒருத்தி. சென்னையில் ஆபீஸ், வேளச்சேரியில் ஹாஸ்டல், முதல் சம்பளம் 14,500. அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் டாக்டர் எழுதிய குறிப்பை வாசித்து, ஒவ்வொரு நோய்க்கும் காயத்துக்கும் உரிய குறியீட்டைப் போட வேண்டும். அதை வைத்துத்தான் இன்ஷூரன்ஸ் பணம் கொடுக்கும். சுமார் 70,000 குறியீடுகள். வாத்து மோதிக் காயம்பட்டால்கூட ஒரு குறியீடு இருக்கிறது. இது பயோடெக் வேலை இல்லை என்று கேலி செய்கிறவர்கள் உண்டு. நான் செய்யமாட்டேன். இந்த வேலையில்தான் அப்பாவின் கூட்டுறவுச் சங்கக் கடன் அடைந்தது.

2024 ஜூன் 19 காலையில் பெரியம்மா போன் செய்தார். அவர் வீடு கருணாபுரத்திலிருந்து நடந்துபோகும் தூரம். "ஆளுங்களுக்குக் கண்ணு தெரியலங்குறாங்கம்மா. வயித்த வலிங்குறாங்க. ஆம்புலன்ஸ் வந்துகினே இருக்குது" என்றார். கண் தெரியவில்லை என்ற ஒரு வார்த்தையில் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. மூன்று வருடப் படிப்பு அன்றைக்கு உதவியது அவ்வளவுதான்.

மெத்தனால். ஊறலில் நொதிப்பது எத்தனால்; மெத்தனால் அப்படி ஊறி வருவதில்லை, தொழிற்சாலைக் கரைப்பானாக வருவது. பார்க்க ஒன்றுபோல இருக்கும். குடித்தவுடன் கொல்வதும் இல்லை. கல்லீரலில் இருக்கும் ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் என்ற என்சைம் அதை ஃபார்மால்டிஹைடாக மாற்றும், அது ஃபார்மிக் அமிலமாகும். அந்த அமிலம் செல்கள் மூச்சுவிடுவதை நிறுத்தும். கண் நரம்புதான் முதலில் அடிவாங்கும் இடங்களில் ஒன்று. ராத்திரி குடித்தவருக்கு விடிந்தபிறகு கண் மங்குவது இதனால்தான். மருந்தாக ஃபோமெபிசோல் கொடுப்பார்கள், அது இல்லையென்றால் எத்தனால். அந்த என்சைமைப் பிடித்துவைத்துக்கொண்டு, மெத்தனால் மாறாமல் உடம்பைவிட்டுப் போக நேரம் வாங்கித்தரும்.

கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரியிலிருந்து சேலத்துக்கும், விழுப்புரத்துக்கும், புதுச்சேரி ஜிப்மருக்கும் ஆட்களைக் கொண்டுபோனார்கள். 60க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். பெரும்பாலும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். பெரியம்மா தெருவில் ஒரே நாளில் எத்தனை பறை அடித்தது என்று இன்னும் சொல்வார்.

அன்றைக்கு ஷிஃப்டுக்குப் போனேன். மெத்தனால் நச்சுக்கு என் சிஸ்டத்தில் இருக்கும் குறியீடு டி51.1. அதோடு முடியாது. ஆறாவது இடத்தில் ஓர் எண் போட வேண்டும். 1 என்றால் தற்செயல். 2 என்றால் தனக்குத்தானே செய்துகொண்டது. 3 என்றால் அடுத்தவர் செய்த தாக்குதல். 4 என்றால் தீர்மானிக்க முடியாதது. டாக்டர் எதுவும் எழுதவில்லையென்றால் 1 போட வேண்டும் என்பது விதி.

டிவியில் பேசியவர்கள் பாதிப்பேர் 2 போட்டார்கள்: "குடிச்சது அவங்க தப்பு." மீதிப்பேர் 1 போட்டார்கள்: "துயர சம்பவம்." பாக்கெட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்தோ, தெரிந்துகொள்ளக் கவலைப்படாமலோ விற்றவன் இருக்கும்போது, 3 என்று சொன்னவர்கள் குறைவு. எனக்கு அந்தக் கட்டத்தில் என் ஊரை நிரப்பும் வேலை வரவில்லை. வந்திருந்தால் விதிப்படி 1தான் போட்டிருக்க முடியும்.

இதையெல்லாம் எழுதக் காரணம், மாமா பெண் இந்த வருடம் பிளஸ் டூ. "அக்கா, பயோடெக் எடுக்கட்டுமா?" என்கிறாள். எடுக்காதே என்று சொல்ல எனக்கு மனமில்லை. எங்கள் மரவள்ளிக் காட்டை அவளுக்கு ஞாபகப்படுத்தினேன். 2020இல் கேரளத்தில் கண்டுபிடிக்கப்பட்ட மாவுப்பூச்சி சீக்கிரமே தமிழ்நாட்டுக்கும் வந்தது. குருத்தெல்லாம் சுருண்டு கூம்பிப்போய் நின்றது எங்கள் செடி. மருந்தடித்து அப்பா கடனாளியானதுதான் மிச்சம். பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனம் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒரு குட்டிக் குளவியை வரவழைத்தது. அது மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும், புழு உள்ளிருந்தே பூச்சியைத் தின்றுவிடும். எண்பதுகளில் ஆப்பிரிக்க மரவள்ளியைக் காப்பாற்றியதும் அதே குளவிதான். அந்த வேலைக்காக ஹான்ஸ் ஹெர்ரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. 2022 மார்ச்சில் இந்தியாவில் முதல்முறையாக அதை வெளியே விட்ட இடம் ஏத்தாப்பூர். ஆத்தூரைத் தாண்டியதும் வரும் ஊர். அப்போது நான் கடைசி செமஸ்டர் படித்துக்கொண்டிருந்தேன். எங்களுடைய இண்டஸ்ட்ரியல் விசிட் லால்பாக் போய்வந்தது.

அதனால் அவளுக்கு மூன்று கேள்வி எழுதிக் கொடுத்தேன். சேரப்போகும் கல்லூரியில் பிசிஆர் இயந்திரத்தை மாணவர் கையால் ஓட்டவிடுவார்களா? கடைசி வருட ப்ராஜெக்டை வெளியே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் செய்ய அனுப்புவார்களா? போன வருடம் முடித்தவர்களில் இரண்டு பேருடைய போன் நம்பர் தருவார்களா? மூன்றுக்கும் மழுப்பினால் தாவரவியலோ வேதியியலோ எடு, அரசுக் கல்லூரியில் எடு. எடுத்தால் பி.எஸ்சி.யோடு நிற்காதே. காட்-பி எழுது, மத்திய அரசு உதவித்தொகையோடு எம்.எஸ்சி. படிக்கலாம். அந்தத் தேர்வைப் பற்றி எங்களுக்கு மூன்று வருடமும் யாரும் சொல்லவில்லை. இப்போது ஷிஃப்ட் முடிந்துவந்து நானும் அதற்குத்தான் படிக்கிறேன்.

வெள்ளிமலைக்காரி எம்.எஸ்சி. முடித்து ஒரு ஆய்வகத்தில் இருக்கிறாள். பிச்சியா என்ற ஈஸ்டில் வேலை. பயோகான் 2004இல் இன்சுலின் தயாரித்து விற்றது அந்த ஈஸ்டில்தான். பிச்சியாவைப் புரதம் செய்யவைக்க வழக்கமாக ஊற்றுவது மெத்தனால். நமக்கு விஷம், அதற்குச் சோறு. "அத திங்கற என்சைம் எங்கிட்ட இருக்குது. ஒரு சொட்டு விட்டா மெத்தனால் இருக்கா இல்லையான்னு நெறம் மாறிக் காட்டற மாதிரி ஒரு காகிதம் செய்ய முடியுமான்னு பாக்கறேன்" என்றாள் போன வாரம். கைடு கொடுத்த வேலை இல்லை, ராத்திரியில் தனியாகச் செய்துபார்ப்பது.

"வருதா?" என்று கேட்டேன்.

"எத்தனாலுக்கும் நெறம் மாறுதுடி. நெறைய எத்தனாலுக்குள்ள கொஞ்சம் மெத்தனால மட்டும் பிரிச்சுக் காட்டணும். அதான் ரோதன" என்றாள். பிறகு, மறுநாள் காலையில் புதிதாகக் கல்ச்சர் போட வேண்டும் என்று போனை வைத்துவிட்டாள்.