வெள்ளலூர் வெள்ளிக்காசு

கோவைக்குத் தென்கிழக்கே, நொய்யலை ஒட்டிய வெள்ளலூர் இன்று குப்பைக் கிடங்கால்தான் செய்திகளில் அடிபடுகிறது. 1842-ல் இதே மண்ணில் 522 ரோமானிய வெள்ளிக்காசுகள் கிடைத்தன. பெரும்பாலும் அகஸ்டஸ், திபேரியஸ் மன்னர்கள் வெளியிட்டவை.

கி.பி. 64 வாக்கில் நீரோ மன்னன் காசில் வெள்ளியைக் குறைத்தான். நம் வியாபாரிகளோ பழைய, சுத்தமான காசையே விரும்பினார்கள் என்பது ஆய்வாளர்கள் கணிப்பு. ஏமாறுகிற ஆட்களா கொங்குக்காரர்கள்!

இன்றைய சேகரிப்பாளர்கள் முதலில் பார்ப்பது திபேரியஸின் கன்னத்தையும், காதுக்கு மேலுள்ள இலை மாலையையும்தான். மேடான இடம்தானே முதலில் தேயும்? பின்புறம் அமர்ந்திருக்கும் பெண்ணின் ஆடை மடிப்பு தெளிவாக இருந்தால் மதிப்பு கூடும். அடுத்து எடை, நல்ல காசு மூன்றே முக்கால் கிராம் அளவில் நிற்கும். விளிம்பில் வார்ப்புக் கோடு தெரிந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான், அசல் காசு அச்சால் அடிக்கப்பட்டது.

காசு கறுத்திருக்கிறதே என்று, பித்தளைச் சொம்பைப் போலப் புளி போட்டுத் தேய்ப்பவர்கள் உண்டு. அதோடு போயிற்று. நூற்றாண்டுகளாகப் படிந்த அந்தக் கருமைதான் காசுக்கு அழகு. பளபளப்பாக்கிய காசுக்குப் பாதி விலைகூடத் தேறாது.

தோட்டத்தில் குழி வெட்டும்போது காசு கிடைத்தால் விலை பேசக் கிளம்பக் கூடாது. 1878-ம் வருடத்துப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் என்றாலே கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும்.