சாயம் பூசிய குருவி

வெளிநாட்டுப் பறவை என்று ஒரு படத்தை நீட்டுகிறவர்கள் முதலில் சொல்வது அதன் நிறத்தைத்தான். இனம் அறிய நிறத்தைவிட அலகும் காலும் மேலான சாட்சிகள்.

சில மாதங்களுக்கு முன் ஜோகுபாளையத்தில் எங்கள் தெருவில் குடியிருக்கும் சகோதரி ஒருவர் கைபேசியில் ஒரு படம் அனுப்பினார். கூண்டுக்குள் இரண்டு சிறு பறவைகள். உடலெங்கும் கிளிப்பச்சை, வயிற்றில் மஞ்சள். "அண்ணா, ஆஸ்திரேலியப் பறவை என்று தெருவில் கூண்டு சுமந்து வந்தவர் சொன்னாராம். என் மகன் அறுநூறு ரூபாய் கொடுத்துவிட்டான். இது என்ன இனம்? ஒன்று இரண்டு நாளாகச் சிறகை உப்பிக்கொண்டு மூலையிலேயே இருக்கிறது" என்றார்.

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பச்சைக் கூண்டுப் பறவை என்றால் பட்ஜரிகர். (நம்மவர்கள் அதைத்தான் லவ் பேர்ட்ஸ் என்கிறார்கள், உண்மையான லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்காவுக்கு உரியவை.) அது கிளி இனம். அலகு கீழ்நோக்கி வளைந்திருக்கும், காலில் இரண்டு விரல்கள் முன்னும் இரண்டு பின்னுமாக இருக்கும், வால் நீளம். படத்திலிருந்தவற்றுக்கோ தடித்த கூம்பு அலகு, குட்டை வால், கம்பியைப் பற்றிய காலில் முன்புறம் மூன்று விரல்கள். மார்பைக் கிட்டத்தில் எடுத்து அனுப்பச் சொன்னேன். பச்சைக்கு அடியில் மீன் செதில் போன்ற கோடுகள் மங்கலாகத் தெரிந்தன. புள்ளிச் சில்லை!

சகோதரி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "திருவண்ணாமலைப் பக்கம் எங்கள் நெல்வயலில் கூட்டமாக இறங்குமே, நான் தகரம் தட்டி விரட்டுவேனே, அந்தக் குருவியா அண்ணா?" என்றார்.

அதேதான். சில்லைகளுக்குச் சாயமேற்றி அயல்நாட்டுப் பறவையென விற்பது நம் நாட்டில் நெடுநாளைய ஏமாற்று. இதே குடும்பத்துச் சிவப்புச் சில்லையை ஒரு காலத்தில் அகமதாபாத்திலிருந்து ஐரோப்பாவுக்கு அலங்காரப் பறவையாக அனுப்பினார்கள். 'அமடாவாட்' என்னும் அதன் ஆங்கிலப் பெயர் அந்த ஊர்ப் பெயரின் திரிபு. அங்கே சாயமின்றியே அது அதிசயப் பறவை.

நம் நாட்டுக் காட்டுப் பறவைகளின் வணிகம் 1990-91 முதல் தடை செய்யப்பட்டது. கூண்டில் வைத்திருப்பதும் குற்றமே. இதைக் கேட்டதும் மகன் மொட்டை மாடியில் கூண்டைத் திறந்துவிடப் புறப்பட்டான். வேண்டாம் என்றேன். சாயம் ஒட்டிய சிறகோடு, நலிந்த பறவை, பருந்துகள் வட்டமிடும் அல்சூர் வானத்தில் எத்தனை நேரம் தப்பும்? கழுவவும் கூடாது. ஏறக்குறைய 15 கிராம் எடையுள்ள உயிர் ஈரத்தில் குளிர்ந்தே இறந்துவிடும்.

துளையிட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, கெங்கேரியிலுள்ள பீப்புள் ஃபார் அனிமல்ஸ் வனவிலங்கு மருத்துவமனைக்கு இருவரும் கொண்டுசென்றார்கள். உப்பியிருந்த பறவை வழியிலேயே இறந்துவிட்டது. மற்றதை ஒப்படைத்தார்கள். பழைய சிறகு உதிர்ந்து புதியது முளைக்கும்போது சாயம் தானாகவே நீங்கிவிடும். அதற்குச் சில மாதங்கள் பிடிக்கும்.