மூடிய பிறகு வந்த அபிமானிகள்

ஒரு தொழிற்சாலையை மூடினால் யார் யார் அழுவார்கள்? தொழிலாளி அழுவான். அவன் பெண்டாட்டி பிள்ளைகள் அழுவார்கள். கடன் கொடுத்தவன் அழுவான். வாசலில் டீக்கடை போட்டிருப்பவன் எல்லாருக்கும் முந்தி அழுவான். முதலாளி அழுகிறாரா இல்லையா என்பது அவருடைய கணக்குப் பிள்ளைக்குத்தான் தெரியும். ஆனால், சரக்கை வாங்கியவன் அழுது நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

எங்கள் பக்கத்தில் நான் பார்த்ததில்லை. 2011-ஆம் வருஷம் ஜனவரி மாதம், நொய்யல் ஆற்றைக் கெடுத்த குற்றத்துக்காகத் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் ஒரே சமயத்தில் நின்று போயின. தாராபுரத்திலிருந்து தினந்தோறும் பஸ் ஏறிப் போன ஜனங்கள் வேலையில்லாமல் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். அப்போதுகூட, 'ஐயோ, என் பனியனே!' என்று எந்தத் தேசத்திலிருந்தும் யாரும் ஒரு கடிதாசு எழுதிப் போட்டதாகத் தெரியவில்லை. பனியன் பாவம், உழைத்துத் தேய்ந்து, கடைசியில் சைக்கிள் துடைக்கப் போகிற ஜன்மம்.

வாங்கியவர்கள் உட்கார்ந்து அழுகிற தொழிற்சாலைகளும் உலகத்தில் உண்டு என்று எனக்குச் சொன்னவன் என் அக்காள் மகன். பகலில் திருப்பூரில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறான். ராத்திரியில் கிதார் வாசிக்கிறான். அக்கம் பக்கத்தார் பொறுத்துக் கொள்கிறார்கள்.

"மாமா, அமெரிக்காவில் கலமசூன்னு ஒரு ஊர் இருக்குது, தெரியுங்களா?" என்று ஒரு நாள் ஆரம்பித்தான்.

மிச்சிகன் மாநிலத்தில் இருக்கிறதாம் அந்த ஊர். பெயர் பெற்ற கிப்ஸன் கிதார்கள் அங்கேதான் செய்யப்பட்டு வந்தன. 1984-இல் கம்பெனி அந்தத் தொழிற்சாலையை மூடிவிட்டு, வேலையை நாஷ்வில் நகரத்துக்குக் கொண்டு போய்விட்டது. அதே கம்பெனி, அதே பெயர். இருந்தாலும், 'கலமசூவில் செய்தது' என்றால் வாத்தியப் பிரியர்களுக்கு இன்றும் ஒரு தனிப் பக்தி. அங்கே வேலை பார்த்தவர்களில் சிலர் ஊரை விட்டுப் போக மனமில்லாமல், 1985-இல் 'ஹெரிடேஜ்' என்ற பெயரில் அதே பழைய கட்டடத்திலேயே கிதார் செய்யத் தொடங்கினார்கள். இதைச் சொல்லும்போது என் மருமகனின் குரல் தழுதழுத்தது. அவன் பிறப்பதற்கு முன்னால் மூடிய தொழிற்சாலை அது!

நம் தேசத்தில் இப்படி ஒரு துக்கம் உண்டா என்று அன்று ராத்திரி யோசித்துக் கொண்டு படுத்திருந்தேன். உண்டு. எச்.எம்.டி. கடிகாரம்!

பெங்களூரில் இயந்திரம் செய்வதற்காக 1953-இல் ஏற்பட்ட அரசாங்கக் கம்பெனி அது. 1961-இல் ஜப்பானின் சிட்டிஸன் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து, கைக்கடிகாரமும் செய்ய முற்பட்டது. முதல் தொகுதியை நேருவே வெளியிட்டார். அது வரையில் கைக்கடிகாரம் என்றால் ஸ்விட்ஸர்லாந்திலிருந்து கப்பலில் வர வேண்டும். அல்லது கப்பலுக்குத் தெரியாமல் வர வேண்டும். பிறகு வந்தன, ஜனதா, பைலட், ஜவான், சோனா, காஞ்சன். கண் தெரியாதவர்கள் விரலால் தடவிப் பார்த்து மணி சொல்லும் கடிகாரம்கூட வந்தது. கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குக் கடிகாரம் என்றால் எச்.எம்.டி.தான். எஸ்.எஸ்.எல்.ஸி. தேறிய பையனுக்கும் அதுதான்; உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற வாத்தியாருக்கும் அதுதான்.

ஜனதாவின் வயிற்றைத் திறந்து பார்த்தால் பதினேழு சிவப்புக் கல் இருக்கும். அழகுக்காக வைத்தவை அல்ல. அச்சுகள் தேயாமல் சுழல்வதற்காக வைத்தவை. காலையில் எழுந்து சாவி கொடுத்தால் உள்ளே சுருண்டிருக்கும் வில் இறுகும். அந்த வில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும் போது, ஒரு சின்னச் சக்கரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆடி அதன் வேகத்தை அளந்து விடும். மணிக்குப் பதினெண்ணாயிரம் தடவை. அதாவது விநாடிக்கு ஐந்து டிக். ஒரு நாளைக்கு நான்கு லட்சத்து முப்பத்திரண்டாயிரம். மறுநாள் காலையில் நாம் மறந்தால் அதுவும் நின்றுவிடும். மனிதனுடைய கவனத்தைத் தின்று உயிர் வாழ்கிற யந்திரம் அது.

அதைக் கவிழ்த்தது ஒரு சின்ன பாட்டரி. குவார்ட்ஸ் கடிகாரத்துக்குச் சாவியும் வேண்டாம், கவனமும் வேண்டாம். எச்.எம்.டி. 1981-லேயே குவார்ட்ஸ் செய்து பார்த்தது; ஆனாலும் மனசு என்னவோ சாவிக் கடிகாரத்தின் மேலேயே இருந்தது. இதற்குள் டாட்டாவும் நம் தமிழ்நாட்டு அரசாங்கத்தின் டிட்கோவும் சேர்ந்து 1984-இல் டைட்டன் கம்பெனியை ஆரம்பித்தன. ஹோசூரில் தொழிற்சாலை. 1987-இல் டைட்டன் கடைக்கு வந்தது. பளபளவென்று கண்ணாடிக் கடை, உள்ளே நூறு தினுசு. ஜனங்கள் அங்கே போனார்கள். பிறகு ஸெல்போன் வந்தது. கையில் கடிகாரம் எதற்கு என்று கேட்டார்கள். எச்.எம்.டி. நஷ்டத்தின் மேல் நஷ்டமாகச் சுமந்தது. 2014-இல் மூடப் போகிறோம் என்ற செய்தி வந்தது. 2016 ஜனவரியில் மத்திய மந்திரி சபை அதை முடிவு செய்தது. தும்கூர்த் தொழிற்சாலை நிலம் பின்னால் இஸ்ரோவுக்குப் போயிற்று.

இங்கேதான் வேடிக்கை. இருபது வருஷமாகக் கடைப் பக்கம் எட்டிப் பார்க்காத ஜனங்கள், மூடப் போகிறார்கள் என்றதும் ஓடி வந்தார்கள். கம்பெனிக் கடைகளில் கூட்டம், சரக்கு தீர்ந்தது, விலை ஏறியது. சாகப் போகிற கிழவரைப் பார்க்கச் சொந்தக்காரர்கள் வருகிற மாதிரிதான். கிழவர் நன்றாக இருந்த காலத்தில் ஒரு கார்டு போட்டவர் கிடையாது. பிறகு அபிமானிகள் என்று ஒரு கூட்டமே கிளம்பியது. எந்த வருஷத்து முகம், எந்த முள், எந்த எழுத்து என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வார்கள். பழைய முகத்தைக் கண்ட கண்ட வர்ணத்தில் பூசிப் புதிதென்று விற்கிற மோசடிக்காரர்களும் உடனே முளைத்தார்கள். அபிமானம் இருக்கிற இடத்தில் போலி இல்லாமல் இருக்குமா?

இந்த அபிமானிகளைப் பற்றி எனக்குக் கொஞ்சம் இளக்காரம் இருந்தது. தாராபுரத்தில் பஸ் ஸ்டாண்டுக்கு அருகே ஒரு சந்தில், ஆள் நின்றால் நிறைந்து போகிற ஒரு கடிகாரக் கடையில் அதைக் கொஞ்சம் குறைத்துக் கொண்டேன்.

கடைக்காரருக்கு எழுபதுக்கு மேல் வயசு. கண்ணில் லென்ஸ், கையில் சாமணம், வாயில் வெற்றிலை. மூலனூர், குண்டடம், அலங்கியம், கன்னிவாடி என்று சுற்றுப்பட்ட ஊர்க் கடிகாரமெல்லாம் ஒரு காலத்தில் அவர் கைக்கு வந்தவை. கண்ணில் புரை விழுந்துவிட்டது. இடத்துக்காரரும் காலி செய்யச் சொல்லியாயிற்று. அவரிடம் ஒரு மேஜை டிராயர் இருந்தது. பழுது பார்க்கக் கொடுத்து விட்டுத் திரும்ப வராதவர்களுடைய கடிகாரங்கள் அதில் கிடந்தன. மொத்தம் நாற்பத்து மூன்று, பெரும்பாலும் எச்.எம்.டி. ஒவ்வொன்றிலும் நூலில் கட்டிய ஒரு சீட்டு.

நான் போயிருந்த சமயம், கோயம்புத்தூரிலிருந்து ஓர் இளைஞன் வந்து உட்கார்ந்திருந்தான். அபிமானி. டிராயரை அப்படியே விலைக்குக் கேட்டான். அவன் சொன்ன தொகையைக் கேட்டு எனக்கே தூக்கி வாரிப் போட்டது. கண் ஆபரேஷன் செய்து கொண்டு, மிச்சத்தில் ஒரு வருஷம் சாவகாசமாகச் சாப்பிடலாம்.

"விக்கறதுக்கில்லீங் தம்பி" என்றார் பெரியவர்.

"ஏனுங்கய்யா, இருபது முப்பது வருஷமா வராதவங்க இனிமே வரப் போறாங்களா? உள்ளே எண்ணெய் காய்ஞ்சு பிசினாயிருக்கும். நான் எடுத்துட்டுப் போனா ஓட வைப்பேன். இங்கே கிடந்தா துருப் பிடிச்சுச் சாகும்."

"நெசந்தானுங்க. ஆனா, சீட்டுக் குடுத்திருக்கறேனே! நாளைக்குச் சீட்டோட வந்து ஒருத்தர் நின்னா நான் என்னத்தக் காட்டறது?"

இளைஞன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பெரியவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இந்த மாதிரிச் சந்தர்ப்பத்தில் எழுத்தாளனுக்குச் சௌகரியமான வேலை, பேசாமல் இருப்பது. நானும் பேசாமல் இருந்தேன். பையன் கோபித்துக் கொண்டு எழுந்து போவான் என்று எதிர்பார்த்தேன். அவன் போகவில்லை. "நோட்டு இருக்குதுங்களா?" என்று கேட்டான்.

நோட்டு இருந்தது. பெயர், ஊர், கூலி எல்லாம் பென்சிலில் எழுதியிருந்தது. அதன் பிறகு ஏழெட்டு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையன் மோட்டார் சைக்கிளில் வந்து, நோட்டைக் கையில் வைத்துக் கொண்டு ஊர் ஊராகப் போனான். நாற்பத்து மூன்றில் பதினோரு பேருடைய வீட்டைக் கண்டு பிடித்தான். ஆறு வீட்டிலிருந்து வந்து பழைய கூலியைக் கொடுத்துக் கடிகாரத்தை வாங்கிக் கொண்டு போனார்கள். எட்டு ரூபாய், பன்னிரண்டு ரூபாய். அலங்கியத்திலிருந்து வந்த ஓர் அம்மாள் கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்டாள். ஒன்றும் பேசாமல் முந்தானையில் முடிந்து கொண்டாள். மூன்று வீட்டில், "எங்களுக்கு வேண்டாம், நீங்களே வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டார்கள். அந்த மூன்றைத்தான் பெரியவர் விலைக்குக் கொடுத்தார்; நோட்டில் சிவப்பு மையில் குறித்தும் வைத்தார். மற்ற இரண்டு வீட்டில், அப்பாவின் கடிகாரம் தனக்கா தம்பிக்கா என்று பிள்ளைகளுக்குள் வழக்கு மூண்டு விட்டதால், அவை பத்திரமாக டிராயருக்கே திரும்பின. கடையைக் காலி செய்த அன்று முப்பத்து நான்கு கடிகாரங்களையும் பெரியவர் வீட்டுக்கு எடுத்துக் கொண்டு போய்விட்டார். புரை ஆபரேஷன் பின்னால் தர்ம ஆஸ்பத்திரியில் நடந்தது.

அபிமானம் என்பது எப்போதும் தாமதமாகத்தான் வருகிறது. தொழிற்சாலை நடக்கும்போது அதற்கு வேண்டியது அபிமானியல்ல, வாடிக்கைக்காரன். இரண்டும் வேறு. பழைய ஜனதாவைப் பட்டுத் துணியில் சுற்றி வைக்கிறவர்கள், அது புதிதாக இருந்தபோது டைட்டன் வாங்கியவர்களின் பிள்ளைகள். கலமசூவுக்காகத் தழுதழுக்கிற என் மருமகன் வைத்திருப்பதும் கலமசூக் கிதார் அல்ல. இதற்காக அவர்கள் மேல் கோபித்துக் கொள்வதில் பிரயோசனமில்லை. பெங்களூர்த் தொழிலாளிக்குப் போன வேலையை எந்த அபிமானியும் திருப்பிக் கொடுக்க முடியாது.

ஆனால், ஒரு சாமானை வெறுமே வைத்திருப்பது வேறு. அதற்குச் சொந்தக்காரன் யார், செய்தவன் யார், பழுது பார்த்தவன் யார் என்று தேடிப் போவது வேறு. முதலாவது ஆசை. இரண்டாவதைத்தான் அபிமானம் என்று நான் சொல்வேன். பனியனுக்கு அந்தப் பாக்கியம் இல்லாமற் போனதற்கும் இதுதான் காரணமோ என்னவோ. கிழிந்தால் அதைத் தைத்துக் கொடுக்க ஒரு கடை இல்லை. அதற்கு ஒரு சீட்டு இல்லை. அந்தச் சீட்டைக் காப்பாற்றுகிற ஒரு கிழவர் இல்லை.

நீங்கள் தாராபுரம் பக்கத்துக்காரரானால் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் அப்பாவோ தாத்தாவோ வைத்துவிட்டுப் போன பழைய டிரங்குப் பெட்டி இருந்தால் அடியில் நன்றாகத் துழாவிப் பாருங்கள். பத்திரங்களுக்கும் ஜாதகங்களுக்கும் நடுவே, நூல் கோத்த துளையோடு ஒரு சின்னச் சீட்டு அகப்பட்டாலும் அகப்படும். முப்பத்து நான்கு கடிகாரங்கள் இன்னும் காத்திருக்கின்றன. கூலி பன்னிரண்டு ரூபாய்க்கு மேல் போகாது.