பனிக்காலத்துப் பாஸ்டன் ஓட்டக்காரர்கள்

1897 முதல் நடந்துவரும் பாஸ்டன் மாரத்தான், அதாவது ஹாப்கின்டன் என்னும் சிற்றூரில் தொடங்கிப் பாஸ்டன் நகரில் முடியும் 42.195 கிலோமீட்டர் ஓட்டம், ஏப்ரலின் மூன்றாம் திங்கட்கிழமையில் அமைவதால், உள்ளூர் ஓட்டக்காரர்களின் ஏறத்தாழ நான்கு மாதப் பயிற்சியில் பெரும்பகுதி கடுங்குளிரிலேயே கழிகிறது. டிசம்பரில் மாலை நாலேகால் மணியளவிலேயே கதிரவன் மறைந்துவிட, வேலை முடித்து வருபவர் இருளிலும், உருகி மீண்டும் உறைந்த வழுக்குப் பனியிலும் கால்வைக்க வேண்டியவராகிறார். உடலைவிட மனமே முதலில் பின்வாங்கும் இந்நிலையில், புத்தாண்டு உறுதிமொழிகளைக் காட்டிலும் (அவற்றின் ஆயுள் யாவரும் அறிந்ததே) தெருமுனையில் நடுங்கியபடி காத்திருக்கும் ஓட்டத்துணையே ஒருவரைப் போர்வைக்குள்ளிருந்து எழுப்ப வல்லது. நியூட்டன் நகரின் மேடுகளில், குறிப்பாகப் பந்தயத்தின் 32ஆம் கிலோமீட்டரை ஒட்டி வரும் 'ஹார்ட்பிரேக் ஹில்' என்னும் ஏற்றத்தில், குளிர்காலத்திலும் குழுக்களாக ஓடுவோரைக் காண்பதற்கு இதுவும் ஒரு காரணம். அவ்வேற்றம் ஏறத்தாழ 27 மீட்டர் உயரமே உடையதாயினும், தசைகளில் சேமிக்கப்பட்ட சர்க்கரைப் பொருளாகிய கிளைக்கோஜன் பலருக்கும் தீரத் தொடங்கும் இடத்தில் அது குறுக்கிடுவதே அதன் கொடுமை. இத்தனை உறைபனியில் பழகியவர்களை, 2012ஆம் ஆண்டுப் பந்தய நாள் 30 பாகை செல்சியசைக் கடந்த வெயிலோடு வரவேற்றது.