கூம்பு கழலும் க்ஷணம்

சாந்தோம், 24 ஆகஸ்ட் 2024, சனி

இன்று காலை திருவிடந்தைக் கடற்கரையிலிருந்து, ஸ்பேஸ் ஸோன் இந்தியா என்னும் சென்னை நிறுவனத்தாரும் மார்ட்டின் குழுமத்தாரும் சேர்ந்து, ரூமி-1 என்ற ஆய்வு ராக்கெட்டை நடமாடும் ஏவுதளத்திலிருந்து ஆகாயத்தில் செலுத்தினார்கள் என்ற செய்தியைத் தொலைக்காட்சியில் கண்டு பேரானந்தம் அடைந்தேன். மூன்று க்யூப் செயற்கைக்கோள்களும் 50 பிகோ செயற்கைக்கோள்களும் அதில் சென்றனவாம். பார்த்தவர்கள் எல்லோரும் அது எழும்பிய அழகையே பேசுகிறார்கள். என் மனமோ, உச்சியில் முனைக்கூம்பு கழன்று, சுமையும் பாரசூட்டும் வெளிப்படவேண்டிய அந்த ஒரு க்ஷணத்திலேயே நிலைத்து நிற்கிறது. வெடிமருந்தை அறவே விலக்கி, கரியமில வாயுவைக் கொண்டு பாரசூட்டை இயக்கும் ஏற்பாட்டை அதில் அமைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு விசேஷமாகப் படுகிறது.

25 ஆகஸ்ட், ஞாயிறு

1963 நவம்பர் 21-ல் தும்பாவிலிருந்து புறப்பட்ட நைக்-அப்பாச்சி, நம் தேசத்து மண்ணிலிருந்து எழும்பிய முதல் ஆய்வு ராக்கெட். நம் சாந்தோம் பேராலயத்தைப் போலவே கடலோரத்தில் நிற்கும் மரிய மகதலேனா ஆலயம்தான் அப்போது விஞ்ஞானிகளுக்குக் காரியாலயம். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் பயின்ற கலாமும் ஆராவமுதனும் அங்கே இருந்தார்கள். ராக்கெட்டின் பாகங்களை இணைக்கும் பொறுப்பு கலாமுடையது. அந்த ராக்கெட் சுமந்தது சோடியம். அதை ஆவியாக வானில் விடுவதற்காகவே அவ்வளவு பிரயாசையும். உயரே போய்ச் சுமையை விடாத ராக்கெட் எவ்வளவு தூரம் போனால்தான் என்ன?

1 செப்டம்பர், ஞாயிறு

அடையாற்றில் ஒரு சிறு பட்டறையில் மாணவர்கள் தங்கள் ராக்கெட்டின் கூம்புக்கு நடத்திய பிரிப்புப் பரீட்சையைப் பார்த்து வந்தேன். ராக்கெட்டின் உடலைத் தாங்கிகளின் மேல் படுக்கவைத்து, நைலான் ஊசிகளால் கூம்பைப் பூட்டி, உள்ளே வாயுவைத் திறந்துவிடுகிறார்கள். ஊசிகள் ஒருங்கே அறுந்து கூம்பு நேராகப் பாயவேண்டும். ஒன்று முந்தி மற்றொன்று பிந்தினால் கூம்பு சாய்ந்து சிக்கிக்கொள்ளும். எழும்பும்போது எந்த அதிர்ச்சிக்கும் அசையாமல் பற்றியிருந்து, கட்டளை பிறந்ததும் தயங்காமல் விட்டுவிடவேண்டும் என்ற இரண்டு பரஸ்பர விரோதமான கடமைகளை அந்த அற்ப ஊசிகளின்மேல் சுமத்தியிருக்கிறோம்!

வாயுவுக்குப் பதிலாக வெடிமருந்து வைத்துத் தரையில் செய்த பரீட்சை வென்றதென்று மேலேயும் வெல்லும் என்று நம்பலாகாது. காற்று அருகிய உயரத்தில், நெருப்பு பரவுமுன்பே துகள்கள் சிதறிவிடுவதால் மருந்தில் ஒரு பகுதி எரியாமலே நின்றுவிடக்கூடும். குப்பியில் அடைபட்ட வாயுவுக்கு அந்தச் சங்கடம் இல்லை. ஆனால் ராக்கெட்டுக்குள் தங்கிய காற்றே, வெளியழுத்தம் குறையக் குறைய, கூம்பை அகாலத்தில் தள்ளிவிடும் அபாயம் உண்டு. அதற்காகப் பக்கத்தில் ஒரு சிறு துளை வேண்டும் என்றேன். ஏவும் ஆவலில் இருந்த பிள்ளைகள் சற்றே முகம் வாடினாலும், துளையின் அளவைக் கணக்கிட்டு வருவதாகவும், அதிர்வு மேஜையில் குலுக்கியபின் மறுபடியும் பிரித்துப் பார்ப்பதாகவும் ஒப்புக்கொண்டார்கள்.